ஆறடி அகலத்தில் ஒரு கல்யாணம்

1974ஆம் ஆண்டு, தை மாதம். நீலகிரி மலையில், அரவேணுவில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்த உறைபனிக் காலத்தில்தான் ஜலாலுதீன் சின்னம்மையை முதன்முதலாகப் பார்த்தார். கடைத்தெருவின் கடைசியில் இருந்த தம்முடைய போட்டோ ஸ்டூடியோவின் கதவை அவர் அப்போதுதான் திறந்திருந்தார். திறந்ததற்கு வாடிக்கையாளர்கள் காரணமல்லர். வீட்டைவிட ஸ்டூடியோவில் குளிர் சற்றுக் குறைவு. மாதத்திற்கு நான்கு பேர் வருவார்கள். அவர்களுள் மூவருக்கு விண்ணப்பத்தில் ஒட்டப் படம் வேண்டும். நான்காமவருக்கு, இறந்துபோன ஒருவரின் பழைய படத்தைப் பெரிதாக்க வேண்டும். தம்மைக் கலைஞர் என்று நினைத்துக்கொள்வதற்கு ஜலாலுதீனுக்கு இவ்வளவு ஓய்வு போதுமானதாக இருந்தது.

இடுப்பில் கொழுந்து பறிப்பவர்கள் கட்டும் படங்குச் சாக்கும் தலையில் துண்டுமாக உள்ளே வந்த அந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று நின்று, கடைசியில் அரவேணுவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வந்து சேர்ந்தவர். கணவர் இலங்கை மண்ணிலேயே அடங்கிவிட்டார். சின்னம்மை கொண்டுவந்தவை இரண்டு: அன்னக்கிளி என்னும் மகள், ஓர் இரும்புப் பெட்டி.

கல்யாணத்தில் படமெடுக்க என்ன கூலி என்று சின்னம்மை கேட்டார். பிலிம், கழுவுதல், அச்சிடுதல், அட்டையில் ஒட்டுதல் என்று ஜலாலுதீன் பெருமையோடு அடுக்கினார். முள்ளங்கி விலை கேட்கும் முகத்தோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட சின்னம்மை, பிறகு தம் தேவையைச் சொன்னார்.

"படம் வேணாம் பாய். அந்த வெளிச்சம் மட்டும் அடிக்க எவ்வளவு?"

குளிர் காதுக்குள் புகுந்துவிட்டதோ என்று ஜலாலுதீன் ஐயுற்றார். சின்னம்மை பொறுமையாக விளக்கினார். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் எல்லப்பனின் மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஒவ்வோர் அறையையும் இலங்கையில் சொல்லிப் பழகியபடி காம்பரா என்றுதான் அவர் சொல்வார். மாப்பிள்ளை வீட்டார் கூடலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். பளீரென்று பிளாஷ் வெட்டினால் பந்தலே திரும்பிப் பார்க்கும். இது வசதியான இடம் என்று அந்த நொடியிலேயே முடிவாகிவிடும். படம் வருவதோ இரண்டு வாரம் கழித்து. அதற்குள் விருந்தினர் அவரவர் ஊரில் சளி பிடித்துப் படுத்திருப்பர்.

"படம் பொட்டிக்குள்ள போயிரும் பாய். வெளிச்சம் அத்தன பேரு கண்ணுக்குள்ளயும் போகும்."

ஒளிப்படக் கலையின் மாண்பைப் பற்றி ஜலாலுதீன் ஒரு சொற்பொழிவே ஆற்றினார். முகாமில் ஒரு முத்திரைக்காக மூன்று நாள் நின்றவருக்கு இது ஒரு காத்திருப்பா? அவர் முடித்ததும், "சரிங்க பாய், எவ்வளவு?" என்றார் சின்னம்மை. கலை அன்று பாதி விலைக்கு இறங்கியது. கதவருகே போகும்போது அதிலும் பாதியாயிற்று.

எல்லப்பனின் மகள் கல்யாணத்தில் பிலிம் போடாத வெறும் காமிராவால் இருபத்தேழு படங்கள் எடுக்கப்பட்டன. மனச்சாட்சியின் உறுத்தலை மறைப்பதற்காக ஜலாலுதீன் வழக்கத்தைவிடக் கண்டிப்பாக நடந்துகொண்டார். மணமகனின் தாய்மாமனை மூன்று முறை தாடையை உயர்த்தச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொரு வெட்டுக்கும் வேட்டியைச் சரிசெய்துகொண்டனர். அன்று முதல் அந்தத் தோட்டத்தில் சின்னம்மையைக் கேளாமல் யாரும் கல்யாணம் பேசவில்லை. சின்னம்மை இதற்குக் கூலி வாங்கியதில்லை. முதற்பந்தியில் ஓர் இலையும், தம் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லாமையும் போதும் என்று மிகுந்த அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

அந்த அம்மாளின் முறைகள் எளியவை. கூடுமானவரை, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் முகூர்த்தம் வைக்க வேண்டும். பந்தல், வாழைமரம், தோரணம், பாதி மயக்கத்தில் இருக்கும் மேளக்காரர்கள் எல்லாம் அங்கேயே இருக்கும். பெண் வீட்டார் ஊரையே அழைத்து அலங்கரித்ததாக மாப்பிள்ளை வீட்டார் எண்ணிக்கொள்வர். எண்ணுவது அவர்கள் உரிமை, தடுப்பது பண்பாகாது. மதியம் ஒன்றரை மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது மாலையில்தான் என்பதை, சாப்பாடு முடிந்த கையோடு யாராவது ஒருவர் உரக்கக் கவலைப்பட வேண்டும். விருந்தினர் தாமாகவே எழுந்து ஓடுவர், இராச்சாப்பாடு மிச்சம். கேத்திப் பள்ளத்தாக்கில் விளைந்து வெடித்த கேரட்டை வியாபாரிகள் வாங்குவதில்லை, மாட்டுக்குப் போடுவார்கள். அதைத் துருவிச் சர்க்கரையில் கிளறிவிட்டால் அல்வா ஆகிவிடும். தாம் மாடுகளுக்குப் பங்காளிகளானது எந்தச் சம்பந்திக்கும் தெரிந்ததில்லை.

இவற்றுக்கெல்லாம் மகுடம் அந்த இரும்புப் பெட்டி. இலங்கையிலிருந்து வந்தவர்கள் தங்கமும் பட்டும் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று மலை முழுவதும் ஒரு நம்பிக்கை இருந்தது. கொண்டுவந்தவர்களுக்குத்தான் அது தெரியாது. வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதிய அந்தப் பெட்டியை, முகூர்த்தத்திற்குச் சற்று முன்பு நான்கு பேர் முக்கி முனகித் தூக்கிவந்து மேடையருகே வைப்பர். மேலே பூவேலை செய்த துணி. கல்யாணத்துக்குக் கல்யாணம் துணி மாறும். லயத்துக்காரர்களுக்கு அது யார் பெட்டி என்று தெரியும். உள்ளே என்ன என்று தெரியாது. மாப்பிள்ளை வீட்டாரோ ஒவ்வொரு முறையும் புதியவர்கள். மணமகளுக்குரிய உண்மையான சீர், அதாவது நான்கு ஏனங்களும் ஒரு கம்பளியும், அடுத்த வாரம் ஒரு மூட்டையில் ஓசையில்லாமல் போய்ச் சேரும். பெட்டி எங்கே என்று கேட்பதற்குள் அவர்கள் பெண்ணின் சமையலுக்குப் பழகியிருப்பார்கள்.

மூன்றாவது கல்யாணத்திலிருந்து ஜலாலுதீனுக்கு உறுத்தல் நின்றுவிட்டது. ஐந்தாவதிலிருந்து, அடுப்புப் புகையும் மஞ்சும் படியாமல் இருக்கட்டும் என்று காமிராவின் கண்ணாடியை மூடியபடியே வைத்துப் பிளாஷை மட்டும் அடிக்கத் தொடங்கினார். பிலிம் இல்லாத காமிராவுக்குக் கண் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன? படம் எங்கே என்று மணமக்கள் கேட்டால், பிலிமில் ஈரம் ஏறிவிட்டது என்பார். தீப்பெட்டியே நமுத்துப்போகும் ஊரில் அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால், அவருடைய மனைவி ஜெய்புன்னிசா மட்டும், "சூரியன்கூட வெளிச்சத்துக்குக் காசு வாங்குறதில்லைங்க. உங்களுக்குத்தான் அந்தச் சாமர்த்தியம்" என்று ஒருமுறை பாராட்டினார்.

1976ஆம் ஆண்டு சித்திரையில் அன்னக்கிளிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பொன்ராஜ் அதே தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையில் இருந்தான். ஆண்கள் ஆறு பேர் சேர்ந்து தங்கும் அறையில் அவனுக்கு ஒரு மூலை. அவனுடைய தகப்பனார் வீரையா நடுவட்டத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தார். ஒரே அறையில் ஒன்பது பேர் வாழும் குடும்பத்தின் தலைவருக்குரிய மிடுக்கு அவரிடம் குறைவின்றி இருந்தது. தோட்டத்தில் புதிதாகக் கட்டிய லயத்தில் எட்டு அறைகள் மணமானவர்களுக்குத் தரப்படவிருந்தன. விண்ணப்பத்தோடு கல்யாணப் படத்தையும் இணைக்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. அறை கிடைக்கவில்லையென்றால் மருமகள் நடுவட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்று வீரையா முன்னரே சொல்லிவிட்டார். அன்னக்கிளிக்குத் தோட்டத்து வேலைப் பதிவேட்டில் பேர் போய்விடும். பத்தாவது ஆளாக அந்த அறையில் படுக்க வேண்டும். சின்னம்மைக்குக் கடல் கடந்து கொண்டுவந்த இரண்டில் மிஞ்சுவது பெட்டிதான்.

எனவே சின்னம்மை தம் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு செலவு செய்தார். ஸ்டூடியோவுக்கு வந்து, பிலிம் சுருளுக்குரிய பணத்தை மேசைமீது வைத்து, அதன்மேல் சற்று நேரம் கையை வைத்திருந்தார்.

"நெசமான படம் பாய். எம் பொண்ணு காம்பராவுக்கு."

ஜலாலுதீனுக்குக் கண் கலங்கியது. கலை இறுதியில் வென்றுவிட்டதென்று ஜெய்புன்னிசாவிடம் அறிவித்தார். புதுச் சுருளைத் தம் கையாலேயே மாட்டினார். திருவிழாவுக்கு மறுநாள், பந்தலில் நின்று, பன்னிரண்டு படங்களையும் மிகுந்த ஈடுபாட்டோடு எடுத்தார். தாலி கட்டும்போது ஒன்று, வீரையா பெட்டியைப் பார்த்து மீசையைத் தடவும்போது ஒன்று. கூட்டம் முழுவதும் வெளிச்சத்தைப் பார்த்தது. சின்னம்மை, வழக்கம்போல், கூட்டத்தின் கண்களைப் பார்த்தார். காமிராவை யாரும் பார்க்கவில்லை.

அன்று மாலை இருட்டறையில் சுருளைக் கழுவி எடுத்தபோது, அது மலைச்சுனை நீரைப்போல் தெள்ளத் தெளிவாக இருந்தது. ஒரு முகமும் இல்லை. ஒரு நிழலும் இல்லை. வெளியே வந்து மேசைமேல் இருந்த காமிராவைப் பார்த்தார். கண்ணாடியின் மூடி, கல்யாணங்களில் வழக்கமாக இருக்கும் இடத்தில், மாறாத விசுவாசத்தோடு இருந்தது.

மறுநாள் காலையில், தூறலில் நனைந்துகொண்டே லயத்துக்கு ஏறிப்போனார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த சின்னம்மையிடம் மூடியைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது மூடியைக் கையிலேயே வைத்திருந்தார், சாட்சியைக் கூட்டிவந்தவரைப்போல. சின்னம்மை சுருளை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பன்னெண்டுமா?"

"பன்னெண்டும்."

திட்டுவார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்து நின்றவருக்குத் திட்டு கிடைக்கவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. சின்னம்மை சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு பிடி அரிசியைப் பார்த்து முடித்தார். அறை ஒதுக்கும் சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்கள் இருந்தன.

"உங்க காமிரா எம்மாம் அகலம் பாக்கும் பாய்?"

ஜலாலுதீன் பத்தடி பின்னால் நின்று பார்த்துவிட்டு, லயத்தின் பின்சுவரில் கரித்துண்டால் இரண்டு கோடுகள் போட்டார். ஆறடி. சின்னம்மை அந்த ஆறடியைக் கண்ணால் அளந்தார். இரண்டு ஆண்டுகளாகப் படத்தைத் தவிர மற்றெல்லாவற்றையும் அலங்கரித்தவர், இனி அந்தக் கோடுகளுக்கு வெளியே ஒரு பூக்கூட இருக்கக் கூடாதென்று முடிவு செய்தார்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் அன்னக்கிளிக்கு இரண்டாம் முறையாகக் கல்யாணம் நடந்தது. திருவிழா வாழைமரங்கள் வாடிவிட்டன. பச்சையாக இருந்த பக்கம் காமிராவை நோக்கித் திருப்பப்பட்டது. மாலைகளில் உதிராத பூக்களைத் திரட்டி முன்பக்கத்தில் மட்டும் தொடுத்தார்கள். பின்பக்கம் வெறும் நார். கோயில் குத்துவிளக்கு ஒருமணி நேரத்துக்குக் கடன் வாங்கப்பட்டது. பொன்ராஜ் இடுப்புக்கு மேலே பட்டுச்சட்டையும், இடுப்புக்குக் கீழே மருந்தடிக்கும் காற்சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக நின்றான். உறவினர் கூட்டத்திற்கு லயத்திலிருந்து நான்கு பெண்களைச் சின்னம்மையே தேர்ந்தெடுத்தார். ஐந்தாவதாகத் தள்ளப்பட்ட கருப்பம்மா, தம் முகத்திற்கு என்ன குறை என்று மறுவாரம் வரையில் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டி வலதுபக்கக் கோட்டுக்குள் கச்சிதமாக அடங்கியது. கட்டிய தாலியை அவிழ்க்கக் கூடாதென்பதால், பொன்ராஜ் அன்னக்கிளியின் கழுத்துக்குப் பின்னால் கையை மட்டும் வைத்துக்கொண்டான்.

"ரெண்டாவதா கட்டிக்கிறவளுக்கு மாப்பிள்ளையாச்சும் மாறும். எனக்கு அதுவும் இல்ல" என்றாள் அன்னக்கிளி.

"வேணும்னா மீசைய எடுத்துட்டு வரட்டுமா?" என்றான் பொன்ராஜ்.

சிரிப்பு அடங்கும்வரையில் சின்னம்மை காத்திருந்தார். ஜலாலுதீன் பிளாஷை உயர்த்தினார்.

"பாய், மூடி."

அவர் மூடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்தப் படத்தைப்போல் ஒரு படத்தை ஜலாலுதீன் அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுக்கவில்லை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் வெண்பட்டுத் திரையாகத் தெரிந்தது. தொட்டால் உதிரும் மாலைகள் ஆள் கனத்துக்குத் தொங்கின. நான்கு பெண்களும் நானூறு பேரின் முன்வரிசையைப்போல் நின்றார்கள். கோயம்புத்தூர் மில் முதலாளி வீட்டுக் கல்யாணம் என்று சொன்னாலும் நம்பலாம். நம்பலாம் என்பதுதான் தொல்லையாயிற்று.

சனிக்கிழமை, தோட்டத்து அலுவலகத்தின் முன்னால் எட்டு அறைகளுக்குப் பதின்மூன்று குடும்பங்கள் நின்றன. நடுவட்டத்திலிருந்து வீரையா வந்திருந்தார். மருமகளை அழைத்துப் போக நேர்ந்தால் கையோடு அழைத்துப் போகலாமே என்ற முன்னேற்பாடு. படத்தைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வதற்கு ஜலாலுதீனும் வந்திருந்தார். எழுத்தர் வேலுசாமி, பல்லடத்துக்காரர், விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர், அன்னக்கிளியின் படத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இத்தன ஆடம்பரமா கல்யாணம் பண்ணியிருக்கறீங்க. உங்களுக்கு எதுக்குங்க லயத்து ரூமு? குன்னூர்ல நல்ல ஊடா பாத்து வாடகைக்குப் போயிருங்க. இது இல்லாதவிங்களுக்குங்க."

படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் தலையசைத்தனர். வீரையாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம சம்பந்திக்கு என்னங்க கொறச்சல்? சிலோன் பொட்டி ஒண்ணு இருக்கு, நாலு ஆள் தூக்கணும்" என்று அவையோர் அனைவருக்கும் கேட்கும்படி சொன்னார். கெஞ்சி வாங்கும் குடும்பம் தம்முடையதன்று என்றும், மருமகள் நடுவட்டத்துக்கே வரட்டும் என்றும் முழங்கினார். ஒன்பது பேர் படுக்கும் அறையைப் பற்றி அவர் ஒன்றும் முழங்கவில்லை. வேலுசாமி விண்ணப்பத்தை இடதுபக்கம் ஒதுக்கி வைத்தார். அன்னக்கிளி தாயைப் பார்த்தாள்.

இவ்வளவு சிறப்பாகச் சிக்கனம் செய்தவர் உலகில் வேறொருவர் இல்லை என்பதை ஜலாலுதீன் அந்தக் கணத்தில் ஒப்புக்கொண்டார். ஒரு வெற்றி இத்தனை முழுமையாக ஒருவரை அழித்து அவர் பார்த்ததில்லை.

சின்னம்மை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பொன்ராஜையும் ஜலாலுதீனையும் இன்னும் இருவரையும் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனார். சிறிது நேரத்தில் அந்தப் பெட்டி, பூவேலைத் துணி இல்லாமல், பட்டப்பகலில், அலுவலகப் படிக்கட்டின் மேல் வந்து இறங்கியது. முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவர் எடுத்தபோது, கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது. வீரையா இரண்டடி நகர்ந்தார்.

மூடி திறந்தது. உள்ளே விளிம்புவரை உருளைக்கிழங்கு. பல முளைவிட்டிருந்தன. இரண்டு கிழங்குகள் வெளியே விழுந்து, படிக்குப் படி தாவி, வீரையாவின் செருப்பருகே போய் நின்றன.

"இதுதான் ஐயா எஞ்சொத்து" என்றார் சின்னம்மை. "ரெண்டு வருசமா இந்தத் தோட்டத்துல அத்தன கல்யாணத்துக்கும் இதுதான் சீரு. கேத்தியில வாங்குனது. படத்துல இருக்குற மாலைக்கு முதுகு கெடையாது. வாழமரத்துக்கு ஒரு பக்கந்தான். அந்தச் சொவரு, நம்ம லயத்துச் சொவரு. நீங்களே போயிப் பாருங்க, கரிக்கோடு இன்னும் இருக்கு."

ஏற்கெனவே அந்தப் பெட்டியின் நிழலில் மணமாகிப் போன மகள்களின் பெற்றோர், வானிலையை ஆராய்ந்தனர். வேலுசாமி எழுந்து வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். எல்லப்பனின் வீட்டுக் கல்யாணத்தில் உதவி செய்வதாக எண்ணிப் பெட்டிக்கு ஒரு கை கொடுத்தவர் அவர். அதன் பின்பு பத்து நாள் விடுப்பில் படுத்திருந்ததை எல்லாரும் அறிவர்.

"ஏனுங்கம்மா, அப்ப என்ற இடுப்பு புடிச்சது உருளக்கெழங்குலயுங்களா?"

"ஆமாங்கய்யா. அன்னிக்கு ராத்திரி அதையே கொழம்பும் வச்சோம். உங்களுக்குக்கூட ஒரு தூக்கு குடுத்து விட்டேன்."

வேலுசாமி திரும்பிப் போய் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். இடதுபக்கம் இருந்த விண்ணப்பத்தை எடுத்து வலதுபக்கம் வைத்தார். ஏழாம் எண் அறை அன்னக்கிளிக்கும் பொன்ராஜுக்கும் ஒதுக்கப்பட்டது. வீரையா நடுவட்டத்துக்குத் திரும்பிப் போனபோது அவருடைய பையில் முளைவிடாத கிழங்குகளாகப் பார்த்துப் பொறுக்கியவை கனத்துக்கொண்டிருந்தன. ஊரில் அதைச் சீர் என்று சொன்னாரா என்பது தெரியவில்லை.

சின்னம்மையின் மதிப்பு அன்றோடு மண்ணாகிவிட்டது என்று ஜலாலுதீன் வருந்தினார். மனிதர்களை அவர் இன்னும் காமிராவின் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த பிழை அது. வைகாசியில் அடுத்த கல்யாணம் வந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று இரு வீட்டாருக்கும், மேளக்காரருக்கும், பூசாரிக்கும் தெரியும். ஆனாலும் பெட்டி வந்தாக வேண்டும் என்று இரு வீட்டாரும் ஒற்றைக்காலில் நின்றனர். பெட்டி வைக்காத கல்யாணம் என்றால் ஊர் மலிவாகப் பேசாதா? நான்கு பேர் முக்கினர், முனகினர். வேலுசாமி மட்டும் தொலைவில் நின்றுகொண்டார்.

ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இப்படியே சென்றன. 1985ஆம் ஆண்டு தை மாதத்தில், மீண்டும் புல் வெளுத்துக் கிடந்த ஒரு காலையில், சின்னம்மை கூப்பிடுவதாகப் பொன்ராஜ் வந்து சொன்னான். இரண்டு மாதமாக அவர் ஏழாம் எண் அறையில் படுத்த படுக்கையாக இருந்தார். கூப்பிட்ட காரணம் ஜலாலுதீனுக்குப் புரிந்துவிட்டது. அல்லது, புரிந்ததாக நினைத்தார். அந்த அம்மாளின் முகம் மட்டும் தனியாக எந்தப் படத்திலும் இல்லை. புதுச் சுருள் மாட்டினார். மூடியைக் கழற்றி ஸ்டூடியோவிலேயே வைத்துவிட்டு, காமிராவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மலையேறினார்.

கட்டிலின் ஓரத்தில் அன்னக்கிளி உட்கார்ந்து, தாயின் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டி மூலையில் இருந்தது. அதன்மேல் பேரப்பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள். எதிர்ச்சுவரில், சட்டம் போட்டு, அந்த ஆறடிக் கல்யாணம் தொங்கியது. ஜலாலுதீன் காமிராவை வெளியே எடுத்ததைப் பார்த்ததும் சின்னம்மை கையசைத்துத் தடுத்தார். அந்தச் செலவு எதற்கு என்று கேட்டார். செலவு தம்முடையது என்று ஜலாலுதீன் சொன்னார். யாருடையதாக இருந்தாலும் செலவு செலவுதான் என்று சின்னம்மை சொல்லிவிட்டார். அவர் என்றைக்கும் அந்த அம்மாளிடம் வாதத்தில் வென்றதில்லை.

சின்னம்மை மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் இருந்த படத்தைக் காட்டினார்.

"அது வேலுசாமி ஐயாவுக்கு எடுத்தது."

பிறகு, ஜலாலுதீன் குனிந்து கேட்கும்படி, மெல்லச் சொன்னார்.

"நெசமான கல்யாணத்த மூடியோட எடுத்தீங்களே பாய், அந்தச் சுருளு. எறிஞ்சிருக்க மாட்டீங்க. அதக் கொண்டாந்து குடுங்க. காசு குடுத்தவ நான்தானே."